மேடையில் இன்னொரு கெங்கம்மா

கல்மண்டபத்துத் தகரக் கொட்டகைக்கு நாடகக் கம்பெனி திரும்ப வந்திருக்கிறது என்ற செய்தி, கெங்கம்மாவின் மீன்கூடைக்குள்ளேயே வந்து விழுந்தது. அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராயபுரம் சந்து ஒன்றில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே நோட்டீஸ் வண்டி வந்தது. வண்டிக்கு முன்னால் இரண்டு பேர் பேண்டு அடித்தார்கள். வண்டியில் நின்றவன் பச்சைத் தாள்களை வாரி வாரி இறைத்தான். அதில் ஒன்று கடற்காற்றில் சுழன்று வந்து வஞ்சிர மீனின் மேல் ஒட்டிக்கொண்டது.

கெங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தாளில் அச்சடித்திருந்த படம் தெரியும். மூன்று மோதிரங்களை ஏந்திக்கொண்டு ஒரு ராஜகுமாரி நின்றாள். ‘மேகவர்ணி அல்லது மூன்று மோதிரம்.’ ஸ்ரீ கமலலோசன கான சபைக்குச் சோறு போட்ட நாடகம் அது. ரங்கூனுக்குப் போனாலும் அதுதான், கொழும்புக்குப் போனாலும் அதுதான். ஜனங்களுக்கு அலுத்திருக்குமே என்று கம்பெனி முதலாளி இரண்டொரு தடவை வேறு நாடகம் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாளே பெஞ்சுகள் காலியாகிவிட்டன. மறுபடி மேகவர்ணியை மேடையேற்றியதும்தான் கொட்டகைக்கு உயிர் வந்தது.

ஒரு காலத்தில் கெங்கம்மா அந்த நாடகத்தைப் பார்க்காத வாரம் கிடையாது. அவள் புருஷன் வேலப்பன் கட்டுமரத்தில் போகிறவன். கடலிலிருந்து வந்து வலையை உதறிப்போட்டுவிட்டால் போதும், இரண்டு பேரும் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார்கள். தரை டிக்கெட்டுதான். கொட்டகையின் நடுவே நீளமாகத் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். இவள் இந்த ஓரத்திலும் அவன் அந்த ஓரத்திலுமாகக் கயிற்றை ஒட்டியே உட்காருவார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் அது ஆரம்பித்தது. நாடகத்தில் பபூன் வேஷம் போடுகிறவர் முப்பிடாதி, திருநெல்வேலிச் சீமைக்காரர். ஒட்டுப்போட்ட கோட்டும் நசுங்கிய தொப்பியுமாக மேடைக்கு வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “அடடா! மதராசுக்கு வந்து மூணு நாளாச்சு. இந்த ஊர்லே காத்துகூட மீன் நாத்தமால்லா நாறுது!” என்றார். ஊர்ப்பேரை மட்டும் மாற்றித் தெற்கே எல்லா ஊரிலும் கைதட்டல் வாங்கின பேச்சு. ராயபுரத்தில் அதற்குக் கெங்கம்மாவிடமிருந்து பதில் வந்தது.

“நைனா! நாறுறது மீனா, நீ தொவச்சு வருசமான அந்தக் கோட்டா? நல்லா மோந்து பாத்துச் சொல்லு!”

கொட்டகை கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தது. முப்பிடாதி மெனக்கெட்டுக் கோட்டுக் கையை முகர்ந்து பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, “கோட்டுதான் தாயீ! தப்பு என்னுது!” என்றார். அன்றையிலிருந்து அவர் மேடைக்கு வந்தால் கெங்கம்மா பக்கம் ஒரு வார்த்தையை எறியாமல் போகமாட்டார். அவளும் வந்ததைத் திருப்பி எறியாமல் விடமாட்டாள். நாளடைவில், அந்தக் காட்சி வரும்போது சோடாக்காரன்கூடச் சத்தம் வரக்கூடாதென்று சோடா உடைப்பதை நிறுத்திவைத்தான். ராஜா சுகமாகப் பாடினாரா என்று கேட்பதற்கு முன்னால், “இன்னிக்குக் கெங்கம்மா இன்னா சொன்னா?” என்றுதான் வெளியே இருப்பவர்கள் கேட்டார்கள். அவள் பேச்சு முடிவதற்கு முன்பே கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலப்பன் சிரிக்க ஆரம்பித்துவிடுவான். அலைக்கு மேலே குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. அவன் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வரும்.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம் பட்டணத்தையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் வேலப்பனையும் கொண்டுபோயிற்று. கெங்கம்மா கொட்டகைக்குப் போவதை விட்டாள். அவள் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, மீன் விற்கிற இடத்தில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்தக் கயிற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் காதைத் திருப்பினால் என்ன கேட்கும்? அதை நினைக்கவே அவளுக்குத் திடமில்லை. அடுத்த வருஷம் கம்பெனி வந்தபோது கொட்டகை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் கம்பெனி கடல் தாண்டிப் போய்விட்டது. வருஷங்களும் ஓடிவிட்டன.

பச்சைத் தாளை மீன்மேலிருந்து உரித்தெடுத்துக்கொண்டே கெங்கம்மா ஷரீஃபுன்னிசாவின் வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். ஷரீஃபுன்னிசாவின் புருஷன் சரக்குக் கப்பலில் சேராங்கு, அதாவது கலாசிகளுக்குத் தலைவர். பாதி நாள் கடலில்தான் இருப்பார். வீட்டில் அவள் மட்டும். கெங்கம்மாவிடம் மீன் வாங்குகிற சாக்கில் அரைமணி நேரம் பேசாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது.

“கெங்கம்மா, இது இன்னா தாளு?”

“நாடகத் தாளு பீபிம்மா. மேகவர்ணி.”

ஷரீஃபுன்னிசா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். “அரே! ஊஞ்சல் பாட்டு வருமே, அதுவா?”

“அதேதான். உனுக்கு எப்டித் தெரியும்?”

“தெரியுமாவா? எங்க வூட்டுக்காரரு ரங்கூன்ல பாத்துட்டு வந்தாரு. அன்னிலேருந்து அந்தப் பாட்டுல ஒரே ஒரு வரியப் பாடிகினே கீறாரு. துன்னும்போதும் அதுதான், சவரம் பண்ணும்போதும் அதுதான். அடுத்த வரி இன்னான்னு கேட்டா மறந்துட்டேன்றாரு! எத்தினி வருசமா ஒரே வரி கெங்கம்மா! எனக்கு அடுத்த வரி வேணும்.”

கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவரு வந்தா இட்டுகினு போவச் சொல்லு.”

“இட்டுகினு போவாரு. ஆனா பாட்டு வர்றப்ப பக்கத்துல குந்திகினு அவரும் அந்த ஒரு வரியப் பாடுவாரு. வேணாம்ப்பா. அவரு கொளும்புலேருந்து வர்றதுக்குள்ள நாம போலாம். ஞாயித்துக்கியமை பகல் ஆட்டம் கீதாம். பால்காரன் சொன்னான்.”

“நான் வர்ல.”

“நீ வர்லேன்னா நான் தனியா எப்டிப் போறது?”

கெங்கம்மா குனிந்து மீனைச் செதிள் எடுத்தாள். ஷரீஃபுன்னிசாவும் விடவில்லை. அன்றைக்குச் சொன்னாள், மறுநாளும் சொன்னாள். ஊமைப் படம் பார்க்கப் போனேன், வாய் அசைகிறது, பாட்டைக் காணோம், எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது என்றாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல், அந்த ஒரு வரியையே தன் புருஷன் பாடுகிற மாதிரி மூக்கால் பாடிக் காட்டினாள். கெங்கம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு, “போதும் தாயி, நிறுத்து! வர்றேன்! உனுக்கு அடுத்த வரிய வாங்கிக் குடுத்துட்டு வந்துடறேன்!” என்றாள்.

ஆலைக்காரர்களுக்கும் ரயில்வே ஒர்க்ஷாப்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அதனால் பகலாட்டத்துக்குக் கொட்டகை கொள்ளாத கூட்டம். புளியந்தோப்பிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக நடந்தே வந்திருந்தார்கள். தகரக் கூரையில் ஆணி பிடுங்கின ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கி, தலைகளின் மேலும் தோள்களின் மேலும் விழுந்து கிடந்தது. வேர்வை, மல்லிகை, வறுத்த வேர்க்கடலை எல்லாம் சேர்ந்து ஒரே வாசனை. கால் தானாகவே கெங்கம்மாவைக் கயிற்றோரம் கொண்டுபோய் உட்காரவைத்தது. பக்கத்தில் ஷரீஃபுன்னிசா புர்காவை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கெங்கம்மா ஒரே ஒரு தடவை கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வேலப்பன் உட்காருகிற இடத்தில் ஒரு தடித்த மீசைக்காரர் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். தோலை ஒழுங்காக மடியில் சேர்த்துவைத்தார். நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் வந்தோம் என்று இருந்தது.

அந்த நேரத்தில் ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சை இழுத்தது. சுருதி எழுந்தது. மிருதங்கக்காரர் இரண்டு தட்டு தட்டினார். கெங்கம்மாவின் முதுகு தன்னால் நிமிர்ந்துகொண்டது. படுதா மேலே போயிற்று. அதே அரண்மனை, அதே மயில். மயிலின் கழுத்தில் மட்டும் ஒரு ஒட்டு. ராஜபார்ட்காரருக்கு இப்போது தொந்தி விழுந்திருந்தது. ஜரிகைக் கச்சைக்குள் அதை அடக்கிவைக்க அவர் படுகிற பாடு தரை டிக்கெட்டு வரைக்கும் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்து உச்சஸ்தாயியைப் பிடித்தாரோ இல்லையோ, தொந்தியும் மறந்தது, புழுக்கமும் மறந்தது. “இன்னாமாப் பாடறாரு!” என்று ஷரீஃபுன்னிசா முழங்கையால் இடித்தாள். “இதா ஊஞ்சல் பாட்டு?”

“இல்ல. அது மூணாவது காட்சி. பொறுத்துகினு இரு.”

இரண்டாவது காட்சியில் துறைமுகக் கடைவீதி. அது கெங்கம்மா பார்க்காத புதுப் படுதா. தூரத்தில் கப்பல், கரையில் வரிசையாகக் கட்டுமரம். முப்பிடாதி வந்தார். கோட்டு அதேதான். தொப்பிக்குக் கீழே முடி மட்டும் நரைத்திருந்தது. ராஜகுமாரி தேடச் சொன்ன மோதிரத்தைத் தேடி இந்த ஊருக்கு வந்ததாகவும், பசி உயிர் போவதாகவும் பாடினார். அப்போது படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மீனேய்ய்ய்... வஞ்சரம், வவ்வாலேய்ய்ய்...”

கெங்கம்மாவின் கையிலிருந்த முறுக்கு நழுவி விழுந்தது. அது அவள் குரல். அவள் கூவுகிற மாதிரியே கடைசியில் ஒரு இழுப்பு, இழுப்பின் நுனியில் ஒரு வெட்டு. இடுப்பில் கூடையும், தூக்கிச் செருகின சேலையும், நெற்றியில் அணாக் காசு அளவு குங்குமமும், கொண்டையைச் சுற்றிப் பூவுமாக ஒரு மீன்காரி ஆடிக்கொண்டே வந்தாள். கம்பெனியில் பெண் வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட்காரர் மாசானம் போட்ட வேஷம் அது.

முப்பிடாதி தொப்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அலறினார். “வந்துட்டாளய்யா, ராயபுரத்துக் கெங்கம்மா!”

கொட்டகை கைதட்டியது.

“கெங்கம்மா! உன் பேரு!” என்றாள் ஷரீஃபுன்னிசா.

கெங்கம்மாவுக்குக் காது இரண்டும் சுட்டது. “ஊர் ஊரா என்ன வச்சு சிரிச்சிகினு கீறானா இவன்? ரங்கூன்லயும் கொளும்புலயும் என் பேரச் சொல்லி...” என்று பாதி எழுந்துவிட்டாள். ஷரீஃபுன்னிசா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “குந்து. முதல்ல கேளு. திட்றதுன்னா முழுசாக் கேட்டுட்டுத் திட்டு.”

கெங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மேடையில் முப்பிடாதி மூக்கைப் பிடித்துக்கொண்டு மீன் நாறுகிறது என்றார். மேடைக் கெங்கம்மா கோட்டை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். அது இவள் சொன்னது! மீன் புதுசுதானா, கண்ணு சரியாயில்லையே என்றார் அவர். “கண்ணு சரியில்லாதது மீனுக்கா, உனக்கா?” என்றாள் அவள். அதுவும் இவளுடையதுதான், ஏதோ ஒரு மழைநாளில் சொன்னது, இவளே மறந்துபோனது. ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிரித்துக்கொண்டே சொன்னதும், கோபத்தில் சொன்னதும், வேலப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டு சிரித்ததும், எல்லாம். யாரோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கெங்கம்மாவுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அந்த மீன்காரி ஒரு இடத்தில்கூடத் தோற்கவில்லை. தொப்பியை இழப்பது அவர், தடியை இழப்பது அவர், தடுக்கி விழுவதும் அவர்தான்.

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். மேடையில் இருந்தவளின் குங்குமத்தையும் பூவையும் பார்த்தாள். வேலப்பன் இருந்தவரைக்கும் தானும் அப்படித்தான் இருந்தாள். கண் கொஞ்சம் கலங்கியது. ஆனால் உதட்டில் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது மாசானம் கூடையிலிருந்து ஒரு அட்டை மீனை எடுத்துக் காட்டி, “வாங்கிக்கோ நைனா, மீனு ரொம்ப நல்லா கீதுங்க!” என்றார்.

“கீதுங்களா?” என்றாள் கெங்கம்மா வாய்க்குள்ளேயே. “எந்த ஊர்லடா அப்டிப் பேசறாங்க?”

முப்பிடாதி மீனை எட்டிப் பார்த்தார். “ஏ தாயீ, இந்த மீன் ஏன் என்னைப் பார்த்து இப்படி முழிக்குது?”

“உன் மூஞ்சியப் பார்த்துப் பயந்துபோய் முழிக்குது” என்றாள் மேடைக் கெங்கம்மா. ஜனங்கள் சிரித்தார்கள். ஏதோ சிரித்தார்கள், அவ்வளவுதான்.

கெங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தன் பெயரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு உப்புச்சப்பில்லாத பதிலா? அவள் எழுந்ததும் தெரியாது, வாய் திறந்ததும் தெரியாது.

“அடியே மீன்காரி! அதா பதிலு? செத்த மீனுக்கு இன்னாடி பயம்? ‘இந்த மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடியே செத்துப் பொயச்சோம்டா சாமி’ன்னு சந்தோசத்துல முயிக்குதுன்னு சொல்லுடி!”

கொட்டகை வெடித்தது பாருங்கள்! பெஞ்சில் இருந்தவர்கள் தொடையில் அடித்துக்கொண்டார்கள். மிருதங்கக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் மிருதங்கத்தின்மேலேயே சாய்ந்துவிட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கத்து மீசைக்காரர் சேர்த்துவைத்திருந்த கடலைத்தோலெல்லாம் சிதறிப்போயிற்று.

சிரிக்காமல் நின்றவர் முப்பிடாதி ஒருவர்தான். அவர் மேடை விளிம்புக்கு வந்து, விளக்கு வெளிச்சம் படாமல் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்தார்.

“யாரு? இப்பப் பேசினது யாரு?”

“இன்னா முப்பிடாதி! கடல் தாண்டிப் போயி காத அடகு வச்சுட்டு வந்துட்டியா?”

அவர் அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நாடகக் குரல் போய்விட்டது. சொந்த ஊர்ப் பேச்சு வந்தது. “ஏ தாயீ... நீங்க செத்துப்போயிட்டியன்னுல்லா சொன்னாவ! காய்ச்சலுக்கு மறுவருசம் நாங்க வந்தப்ப உங்க இடம் சும்மா கெடந்துச்சு. கேட்டா, அந்த வீட்டுலே சாவுன்னாவ. நான் மூணு நாளு வேசம் போடலியே! அதுக்கப்புறந்தான் உங்களை நாடகத்துலே சேத்தேன். நீங்க இல்லாம அந்தக் காட்சி ஓடலே தாயீ.”

இதுவும் நாடகம்தான் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

கெங்கம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “நான் சாவல நைனா. எங்க வூட்டுக்காரருதான் பூட்டாரு.”

முப்பிடாதி தொப்பியைக் கழற்றினார். “அந்தச் சிரிப்புக்காரரா? கயித்துக்கு இந்தாலே உக்காந்திருப்பாவளே! என் பேச்சு முடியுமுன்னே அவுக சிரிப்பு மேடை ஏறி வந்துரும். எந்த ஊருலே ஆடினாலும் அந்த இடத்துலே நான் கொஞ்சம் நிறுத்துவேன். ஏன் நிறுத்துறேன்னு இவன் கேப்பான்” என்று மாசானத்தைக் காட்டினார். “சிரிப்பு வரட்டும்னுதான்.”

வேலப்பனின் சிரிப்பைத் தன்னைத் தவிர யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் கெங்கம்மா இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். ரங்கூனில் ஒருவர் அதற்காக நிறுத்தியிருக்கிறார். கொழும்பில் நிறுத்தியிருக்கிறார். அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். மேடையில் முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சரி சரி, அயுவாத. மையி கரைஞ்சு மூஞ்சிய இன்னும் கலீஜாக்குது. எந்திரி, சோலியப் பாரு. உள்ள ராஜா காத்துகினு கீறாரு!”

உண்மையாகவே ராஜபார்ட்காரர் கிரீடத்தோடு பக்கப் படுதாவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை சடாரென்று உள்ளே போனதும் கொட்டகை மறுபடி ஓவென்று சிரித்தது. முப்பிடாதி தொப்பியை மாட்டிக்கொண்டு துள்ளி எழுந்தார். ஆர்மோனியக்காரர் சமயம் தெரிந்து ஒரு துடுக்கான மெட்டைப் பிடித்தார். முப்பிடாதி அந்த இடத்திலேயே கட்டிப் பாடினார்:

“கெங்கம்மா வந்தாளே கூடையோடு - என்
சங்கீதம் போச்சுதே ஓடையோடு!”

பாடிவிட்டுத் தலையில் கை வைத்தார். “மகாஜனங்களே! ஒரு மீன்காரிக்கே நான் பதில் சொல்லிக் கிழிச்சதில்லை. இப்ப மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. நான் எங்கே போவேன்?”

“எங்கயும் போவாத நைனா” என்றாள் கெங்கம்மா. “கூடையில எடம் கீது. மீனோட மீனாக் குந்திக்கோ. நாங்க வித்துட்டு வந்துடறோம்.”

மாசானம் நல்ல நடிகர். அவர் கெங்கம்மா பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தார். “யக்கா, இத எவ வாங்குவா?”

“வாங்கமாட்டாங்கதான். கருவாடு போட்டுடலாம். ஏற்கெனவே காஞ்சுதான் கீது, உப்பு மட்டும் தடவினாப் போதும்!”

எவ்வளவு நேரம் அது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. முதலாளி ஓரமாக நின்று கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனார். கடைசியில் அதை நிறுத்தியது ஷரீஃபுன்னிசாதான். “கெங்கம்மா! போதும், குந்து! ஊஞ்சல் எப்ப வரும்? எனக்குப் பாட்டு வேணும்!” என்று அவள் கெஞ்சினது மேடை வரைக்கும் கேட்டது. முப்பிடாதி அவளைப் பார்த்து சலாம் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

மூன்றாவது காட்சியில் ஊஞ்சல் வந்தது. பூச்சுற்றிய சங்கிலியில் மேகவர்ணி உட்கார்ந்து ஆடினாள். ஆர்மோனியம் தணிந்து போயிற்று. கொட்டகையில் கைக்குழந்தைகள்கூட அடங்கிவிட்டன.

“காற்றே நீ மெல்ல வந்தால் என்னூஞ்சல் ஆடாதோ...”

“இதுதான்! இந்த வரிதான்!” ஷரீஃபுன்னிசா கெங்கம்மாவின் கையை நெரித்தாள்.

“கப்பலேறிப் போனவர்தான் கரைதிரும்பக் கூடாதோ...”

ஷரீஃபுன்னிசாவின் கை நின்றுவிட்டது. அவள் மெல்லக் கேட்டாள். “இதப் போயா மறந்துட்டேன்னாரு? மறக்கற வரியா இது?”

“மறந்திருக்கமாட்டாரு பீபிம்மா. கப்பல்ல போறவரு, உன் மூஞ்சியப் பாத்துகினு இத எப்டிப் பாடுவாரு? வெக்கமா இருந்திருக்கும்.”

“அட கள்ளா!” என்றாள் ஷரீஃபுன்னிசா. பாட்டு முடிந்ததோ இல்லையோ, பெண்கள் பக்கத்திலிருந்து, கறுப்புப் புர்காவுக்குள்ளிருந்து, அதுவரை அந்தத் தெருவில் யாருமே கேட்டிராத ஒரு குரல் எழுந்தது: “ஒன்ஸ்மோர்ர்ர்!” கொட்டகை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. மேகவர்ணி மூன்று தடவை ஊஞ்சலாட வேண்டியதாயிற்று.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது கடல்பக்கத்திலிருந்து காற்று குளுகுளுவென்று வீசியது. முகத்தில் பாதி அரிதாரமும் பாதி மீசை முளைத்த கறுப்புமாக மாசானம் ஓடிவந்து கும்பிட்டார். “யக்கா, குத்தம் ஏதும் இருந்தா சொல்லிட்டுப் போங்க.”

“குத்தமா? கீதுங்கன்னு சொல்றத உடு. நாங்க மீனுக்கு மரியாத குடுக்கறதில்ல” என்றாள் கெங்கம்மா. “மத்தபடி சோக்கா கீற. என்னவிட நீதான் அயகா கீற.”

முதலாளி நாற்காலி வரிசையில் அவளுக்கு நிரந்தரமாக ஒரு இடம் தருவதாகச் சொன்னார். தினமும் வரவேண்டும் என்றார். தினம் வந்தால் மீனை யார் விற்பது, நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் திறக்காது, ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்காருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஷரீஃபுன்னிசா வழியெல்லாம் இரண்டு வரியையும் சேர்த்துப் பாடிக்கொண்டே வந்தாள். எதிரே வந்த ஜட்காக்காரன் குதிரையை நிறுத்திப் பாட்டைக் கேட்டான். அவளுக்கு அது தெரியவேயில்லை.

மறுநாள் காலையில் கட்டுமரங்கள் கரை ஏறி, மணலில் மீன் குவியல் குவியலாகக் கிடந்தது. கெங்கம்மா தன் பங்கைப் பொறுக்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்த ஆள் ஒருவர், வெள்ளை வேட்டியும் துண்டுமாக, மீன்காரிகளின் வரிசையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். ஒருத்தி “வா நைனா” என்று கூப்பிட்டால் அடுத்தவளிடம் போய்விடுவார். விலை கேட்க வாயைத் திறப்பார், உடனே மூடிக்கொள்வார். கெங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். முப்பிடாதி.

“இன்னா நைனா, மீன் வாங்க வந்தியா?”

அவர் துண்டின் முனையைத் திருகினார். “ஆமா தாயீ. கம்பெனிச் சமையலுக்கு... எனக்கு விலை பேசத் தெரியாது. சொன்னதைக் குடுத்துட்டுப் போயிருவேன். நேத்து வாங்கிட்டுப் போனதைப் பூனை கூடத் தொடலே.”

கெங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மேடையில் ஊரையே வாயால் உழுகிற மனுஷன்! அரிதாரம் இல்லாவிட்டால் அவருக்கு வாயே கிடையாது. அவளுக்கு வந்த சிரிப்பில் பக்கத்து மீன்காரிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஐய! இந்த வாயி வச்சுகினா ரங்கூன் போய் வந்த? குந்து இங்க” என்று கூடையின் அடியிலிருந்து நல்ல சங்கரா மீனாகப் பார்த்து எடுத்தாள். “தபாரு, செவுளத் தூக்கினா ரத்தச் செவப்பா இருக்கணும். அமுக்கினா விரல் உள்ள போவக்கூடாது. இன்னிக்கு நானே ஆஞ்சு தர்றேன். நாளையிலேருந்து நேரா எங்கிட்ட வா. வேற எவகிட்டயும் போவாத, உன்ன வித்துடுவாளுங்க.”

முப்பிடாதி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் மீன் ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஞாயித்துக்கிழமை வந்துருவியள்லா?” என்று கேட்டார்.

“வருவேன். நேத்திக்கிக் கேட்ட மாதிரி சப்பையாக் கேக்காத. நல்ல கேள்வியா யோசிச்சு வை” என்றாள் கெங்கம்மா. மீனை இலையில் சுற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அவர் அங்கேயே உட்கார்ந்து, இலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவள் முதல் சந்தில் நுழைந்து குரலெடுத்தாள். அன்றைக்கு ராயபுரத்தில் எல்லா வீட்டுக் கதவும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே திறந்தது.